கறுப்புக் கவரில் கட்டிய கருவாடு

பட்டினச்சேரியில் முப்பது வருஷமாகக் கருவாடு விற்கிறேன். என் சரக்கை ஒருத்தரும் குறை சொன்னதில்லை. பஸ்ஸில் கொண்டு போகிறவர்கள் கூச்சப்படுவார்கள் என்று கறுப்புக் கவரில்தான் கட்டித் தருவேன்.

போன மாசம், தின்கிற பொருளைக் கவரில் கட்டி விற்கிறவர்கள் உணவுப் பாதுகாப்பு ஆபீசில் பேரைப் பதியணும் என்றார்கள். ஒரு பாக்கெட் கருவாட்டோடு காரைக்கால் ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுலயா கட்டித் தர்றீங்க?"

"ஆமாம்மா, கிழியவே கிழியாது."

"இது பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செஞ்சதும்மா. பூச்சிமருந்து டப்பாகூட அதுல சேர்ந்திருக்கும். தின்கிற பொருளை வைக்கவே கூடாது. கவர்க் கட்டு மேல தமிழ்லயே போட்டிருக்குமே, பார்க்கலையா?"

அன்று காலையில்தான் தலத்தெருவில் பிள்ளை பெற்றவளுக்கு, பால் சுரக்கட்டும் என்று சுறாக் கருவாடு கட்டிக் கொடுத்திருந்தேன்.

பதிவை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து ஓடினேன். நல்லவேளை, அடுப்பில் ஏறவில்லை. விஷயத்தைச் சொல்லிக் கருவாட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"அப்ப இத்தனை நாள் நாங்க தின்னதெல்லாம்?" என்றாள் அவள் அம்மா.

தின்கிற பொருள் வைக்கத் தகுந்த புதுக் கவர் வாங்கிய பிறகுதான் பேரைப் பதிந்தேன். இப்போதெல்லாம் கவர்க் கட்டைக் கையில் வாங்கி, எழுத்துக் கூட்டி முழுசும் படித்துவிட்டுத்தான் காசு கொடுக்கிறேன்.

"என்னங்க ஆச்சி, பரீட்சைக்கா படிக்கிறீங்க?" என்று கடைக்காரர் கேலி பண்ணுகிறார். பண்ணட்டும். அவரைக் காக்க வைத்துத்தான் படிக்கிறேன்.