ரெக்ஸினில் ஒரு ரேஸ் சூட்

போன வருஷம் புரட்டாசி மாதம், ஸ்ரீவில்லிபுத்தூரில் என் கடையில் நடந்தது இது. எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல பக்கத்து வீட்டு டீச்சர் எழுதித் தருகிறார். ராஜபாளையம் போகிற ரோட்டில் ஆட்டோ, வேன்களுக்கு சீட் கவர் தைக்கிற கடை என்னுடையது. மனைவி இறந்து நாலு வருஷமாகிறது. பிள்ளைகள் வெளியூரில். சில நாள் காலையில் கடை திறந்ததிலிருந்து மூடுகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன்.

அப்படி ஒரு நாளில்தான் ராஜபாளையத்தில் மில் ஃபிட்டராக இருக்கும் ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பைக் ரேஸ் பைத்தியம். வளைவு, சுற்று எதுவும் கிடையாதாம். நேர் ரோட்டில் இரண்டு பைக் ஒன்றாகப் புறப்படும், நானூறு மீட்டரை யார் முதலில் தாண்டுகிறாரோ அவருக்கு ஜெயம். அதிலும் பிரிவுகள் உண்டு. வாங்கியபடியே இருக்கிற வண்டிக்கு ஒரு பிரிவு, அதற்கு ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் போதும். இன்ஜினைத் திருத்தி வேகம் கூட்டிய வண்டிக்கு இன்னொரு பிரிவு. அதற்குக் கழுத்திலிருந்து கணுக்கால் வரை தோல் சூட் போட்டால்தான் உள்ளே விடுவார்கள்.

"இருந்த காசெல்லாம் இன்ஜினுக்கே போயிருச்சு அண்ணாச்சி. தோல் சூட்டு விலைக்குப் பழைய வண்டி ஒண்ணு வாங்கிறலாம். நீங்க ரெக்ஸின்ல தச்சுக் குடுங்க. பாக்க தோல் மாதிரி இருந்தாப் போதும்."

"தம்பி, நான் ஆட்டோ சீட்டு தைக்கிறவன்."

"சீட்டுக்குக் கை கால் மொளச்சிருக்குன்னு நெனச்சுக்கிடுங்க."

எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தேன். சரி என்று சொல்லிவிட்டேன். தப்பு அங்கேதான்.

ரெக்ஸின் சூடு பட்டால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். முன்பு ஒரு வேன்காரர், கல்யாணத்துக்கு ஆள் ஏற்றப் போகிறேன் என்று நின்று கொண்டே வேலை வாங்கினார். அந்த அவசரத்தில் ஒரு துண்டு, சீட்டுக்கு அடியில் சூடாக இருந்த இன்ஜின் மேல் விழ, வெறுங்கையால் எடுத்துவிட்டேன். உருகி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. பிய்த்தபோது தோலும் சேர்ந்து வந்தது. அந்த வேன்காரர் அப்போதும் "எம்புட்டு நேரம் ஆகும்?" என்றுதான் கேட்டார். அது தனிக் கதை.

இதையெல்லாம் ஃபிட்டரிடம் நான் சொல்லவில்லை. ஷிப்ட் முடிந்து சாயங்காலம் தவறாமல் வருவார். வடை வாங்கி வருவார். ஃபோம் கட்டின் மேல் உட்கார்ந்து இன்ஜினைப் பற்றிப் பேசுவார். "வீட்டுல ஏச்சு வாங்கிட்டுத்தான் வாரேன்" என்பார். நாலு நாளில் முடிகிற வேலையை மூன்று வாரம் இழுத்தேன். நன்றாக இருந்த தையலைக்கூடப் பிரித்து, "தோள் அளவு சரியில்ல, நாளைக்கு வா" என்பேன்.

கடைசியில் முடிக்காமல் தீரவில்லை. போட்டுக்கொண்டு கடை வாசலில் நடந்தார். எதிர் டீக்கடைக்காரர் கத்தினார்: "அண்ணாச்சி, ஒங்க சீட்டு எந்திரிச்சு நடக்கு!" எல்லோரும் சிரித்தோம். ஃபிட்டர் முழங்கையை மடக்கி, தோளில் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இனி விழுந்தாலும் பயமில்ல அண்ணாச்சி."

எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. ரேஸில் சூட்டைச் சோதனை செய்கிறவர்களை ஏமாற்றத்தானே கேட்டார்? இப்போது அவரே அதை நம்பிவிட்டார்.

"ஜிப்பு ஒண்ணு மாத்தணும், வச்சுட்டுப் போ" என்றேன்.

மறுநாள் காலை சூட்டின் ஒரு கையை மட்டும் வெட்டி எடுத்து, மணலை நிரப்பி இரண்டு முனையையும் கட்டினேன். மொபெட் பின்னால் கயிறு போட்டுக் கண்மாய்க் கரை ரோட்டில் இழுத்துப் போனேன். என் மொபெட் வேகத்தை எங்கள் ஊர் நாய் முந்திவிடும். கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன், திரும்பிப் பார்த்தால் ரோட்டில் கோடாக மணல். முழங்கை இருக்க வேண்டிய இடத்தில் பெரிய ஓட்டை.

சாயங்காலம் அந்தக் கையை அவரிடம் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"இது இப்படித்தான்னு ஒங்களுக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியும்."

"பொறவு எதுக்குத் தச்சீங்க? மூணு வாரமா என்னைய அலைய விட்டு!"

நீ தினமும் வருவாயே, அதற்குத்தான் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது. அந்தக் கையை மெஷின் மேல் வீசிவிட்டுப் போய்விட்டார்.

பிறகு சீட் தைக்க வந்த அவருடைய மில் வேன் டிரைவர் சொன்னார். இன்ஜினைப் பழையபடி மாற்றி, ஜாக்கெட் இரவல் வாங்கி, சின்னப் பிரிவில் ஓட்டினாராம். முதல் ஓட்டத்திலேயே தோற்றுவிட்டாராம். "ஆளுக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்காக" என்றார். ஒரு நாள் கடைப்பக்கம் வரச் சொல்லுங்கள் என்றேன். வரவில்லை.

அதில் எனக்கு வருத்தம் உண்டு, அவர் மேல் குறை இல்லை. பேச்சுத் துணைக்கு ஆசைப்பட்டு ஒரு மனுஷனின் உடம்பைப் பணயம் வைக்கப் பார்த்தேனே என்ற நினைப்பு வந்தால், இப்போதும் மெஷினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிடுகிறேன்.