சுனிதா மனப்பாடம் செய்த தமிழ்

மாடி அறையில் ரேகா காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தாள். கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. இது போன மழைக்காலத்தில் நடந்தது.

திண்டுக்கல்லுக்கு வெளியே ஓர் ஆயத்த ஆடை கம்பெனியில் அலுவலக வேலை பார்த்தேன். சாணார்பட்டியில் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். நாகல் நகரில் டியூஷன் போய் இந்தியும் படித்தேன். அதைப் பெருமையாகவே சொல்வேன். ஜார்க்கண்டிலிருந்து வந்த தையல் பெண்களுக்கு நான்தான் வாய். ரேகாவும் அவள் அக்கா சுனிதாவும் அவர்களில் இருவர். கம்பெனியில் அவர்களை ஊருக்குப் போக விடமாட்டார்கள். ஆஸ்பத்திரி என்றால், "ஆர்டர் முடியட்டும்" என்பார்கள்.

ஆர்டர் கொடுத்தவர்கள் சார்பில் தொழிலாளர் நிலையை ஆய்வு செய்ய ஆள் வருவதாகத் தகவல் வந்தது. எதைக் கேட்டாலும் சொல்ல, மேனேஜர் அந்தப் பெண்களுக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தார்: "பிரச்சனை இல்லீங்க." காய்ச்சலில் கிடந்த ரேகாவை மாடியில் வைத்துப் பூட்டினார்.

"என்ன காலேஜு, நாளைக்கு வாயத் தொறந்த, அம்புட்டுத்தான். வீட்டப் பாத்துப் போயிரு" என்றார் என்னிடம்.

என் சம்பளத்தில்தான் அப்பாவுக்கு மருந்து. கழிவறையில் நின்று அழுதேன். "ஆண்டவரே, ரேகா சாகக் கூடாது. எனக்குத் தைரியம் இல்லை. நீரே வழி திறவும்."

மறுநாள் ஆய்வுக்கு ஓர் அம்மா வந்தார். "எல்லாம் நல்லாத் தமிழ் பேசும் மேடம்" என்றார் மேனேஜர். அந்த அம்மா சுனிதாவின் மெஷின் அருகே நின்றார்.

"உன் பேர் என்னம்மா?"

"பிரச்சனை இல்லீங்க."

"எந்த ஊரு?"

"பிரச்சனை இல்லீங்க."

யாரோ சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. "இங்க யாருக்கு இந்தி தெரியும்?"

மேனேஜர் என்னை முறைத்தார். உள்ளுக்குள் ஆண்டவரைக் கூப்பிட்டேன். பயம் போகவில்லை. ஆனாலும் கை உயர்ந்தது. சுனிதாவிடம் கேட்டேன். அவள் கதறியதை அப்படியே தமிழில் சொன்னேன்: "என் தங்கச்சி மேல பூட்டுன ரூம்ல கெடக்கா. காப்பாத்துங்க."

சாவி வந்தது. ரேகா ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டாள். சகோதரிகள் இருவரும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அன்றே என் வேலை போனது. ஆனால் அப்பாவின் மருந்து ஒரு வேளையும் நிற்கவில்லை. எங்கள் திருச்சபையார் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வேறு வேலையும் கிடைத்தது.

தைரியம் வந்தபின் ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நடுங்கிக்கொண்டே கூப்பிடுங்கள், அவர் கேட்கிறார். வாயை அடைக்கச் சொல்லிக்கொடுத்த வாக்கியத்தாலேயே கதவைத் திறந்தவர் அவர்.

இப்போது ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வடநாட்டுப் பெண்களுக்குத் தமிழ் சொல்லித்தருகிறேன். முதல் பாடம்: "பிரச்சனை இருக்குங்க."