மடியில் வைத்த மற்றப் பிள்ளை

1. ஒரு தொலைபேசி அழைப்பு

"மிஸ், ஒருக்கா வந்திட்டுப் போங்கோ. நீங்கள் சொன்னால்தான் இவள் கேப்பாள்."

கொக்குவிலில் இருந்து வதனியின் மாமியார் கூப்பிட்டபோது நான் ஒபிசில் கிளினிக் கார்ட்டுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மாமியாரின் குரலுக்குப் பின்னால் ஒரு பச்சைக் குழந்தை வீரிட்டு அழுதது. அது வதனியின் பிள்ளை இல்லை. குடும்பநல உத்தியோகத்தராக, ஊர் வழக்கில் மிட்வைஃபாக, வேலை செய்து நரைத்தவள் நான். என் ஏரியாப் பிள்ளைகளின் அழுகை எனக்குத் தெரியும். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வதனியைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். வன்னியில் இருந்து கலியாணம் கட்டி வந்தவள். தாய் தகப்பன் இல்லை. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது எடுத்த இரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. புருஷன் ரமேசுக்கும் இருந்தது. இருவரும் மருந்து எடுத்தார்கள், கிருமி நன்றாக அடங்கியிருந்தது. அவளுடைய சம்மதத்தோடுதான் டொக்டர் எனக்குச் சொன்னார். மாமியாருக்குத் தெரியாது.

பிள்ளைக்கு ரின்னில் வரும் பால்மா கொடுப்பதா, தாய்ப்பால் கொடுப்பதா என்று டொக்டர் இரண்டையும் விளக்கினார். வதனி யோசிக்கவே இல்லை.

"பால்மா ரின் வீட்டுக்கை வந்தால், ஏன் நீ பால் குடுக்கேல்லை எண்டு வேலிக்கு வேலி நிண்டு கேப்பினம் மிஸ். நான் என்ரை பாலையே குடுக்கிறன்."

எங்கள் ஆட்களை அவள் சரியாகத்தான் எடைபோட்டிருந்தாள். நான் சொல்லிக்கொடுத்தேன். மருந்தை ஒருநாளும் விடக்கூடாது, பால்வழியாகக் கிருமி போகிற ஆபத்தைக் குறைப்பது அதுதான். ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும். தண்ணீர்கூட வேண்டாம், வேறு எதையும் கலந்து கொடுக்கவேண்டாம். கலந்தால் பிள்ளையின் குடல் புண்பட்டு, கிருமி உள்ளே போக வழி கிடைத்துவிடும். அவள் ஒரு சொல் பிசகவில்லை. மாமியார் உரைத்துக்கொண்டுவந்த கோரோசனை மருந்தைக்கூட, "மிட்வைஃப் மிஸ் ஏசுவா மாமி" என்று என் தலையில் போட்டுத் தப்பினாள். ஊரில் எனக்கு ராட்சசி என்று பெயர். அந்தப் பெயர் அன்றைக்கு உதவியது. பிள்ளை கொழுகொழுவென்று வளர்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

2. விறாந்தையில்

நான் போனபோது வதனி விறாந்தையில் பாயில் இருந்தாள். அவள் மடியில் வேறொரு குழந்தை கிடந்து அழுதது. அது ரமேசின் தங்கை சுகந்தியின் பிள்ளை. தாய் வீட்டில் பிள்ளை பெற வந்தவளுக்கு சிசேரியன் காயம் பழுதாகி, திரும்பவும் ஆஸ்பத்திரியில் விட்டிருந்தார்கள். பால்மா கொடுத்தால் குழந்தை கக்கியது. மாமியார் அதைக் கொண்டுவந்து மருமகளின் மடியில் வைத்துவிட்டார்.

வதனி அதைத் தொடவில்லை. இரண்டு கையாலும் பாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பாருங்கோ மிஸ்," என்றார் மாமியார். "நாங்கள் இடம்பெயர்ந்து போகேக்கை, றோட்டிலை ஆற்றையோ பிள்ளைக்கு நான் குடுத்தனான். ஆர் எவரெண்டு கேக்கேல்லை. இவளுக்குப் பால் வழிஞ்சோடுது. சொந்த மச்சாளின்ரை பிள்ளைக்கு ஒருவாய் குடுக்கிறாள் இல்லை. நெஞ்சிலை என்ன கல்லே?"

அவர் கண் கலங்கியிருந்தது. கெட்ட மனுசி இல்லை அவர். மகள் ஆஸ்பத்திரியில், பேரன் பசியில். எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை.

"அம்மா, ஒருத்தற்றை பாலை மற்றப் பிள்ளைக்குக் குடுக்கச் சொல்லி நாங்கள் இப்ப சொல்லுறேல்லை," என்றேன்.

"ஏன்?"

காரணம் சொன்னால், வதனிக்கு என்ன நோய் என்பதுதான் அடுத்த கேள்வி. நான் குனிந்து குழந்தையின் உச்சியைத் தொட்டுப் பார்த்தேன்.

"அப்ப நீங்களும் உவளின்ரை பக்கமோ?"

ரமேஸ் வாசலில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வதனி அவனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கடைசியில் அவளே சொன்னாள்.

"மாமி, எனக்குப் பால் வத்திப்போச்சு. சொல்ல வெக்கமா இருந்தது."

மாமியாரின் கோபம் அப்படியே வடிந்துவிட்டது. "ஐயோ பிள்ளை, முந்தியே சொல்லியிருக்கலாமே!" என்று மருமகளின் தலையைத் தடவினார். மடியில் இருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டார். "ரமேஸ், கடைக்குப் போட்டு வா. ரெண்டு பிள்ளையளுக்கும் சேத்துப் பால்மா வாங்கு. இந்தக் குழந்தைக்கு வேறை ரின் மாத்திப் பாப்பம்."

எதைத் தவிர்க்க இத்தனை பாடுபட்டோமோ, அந்தப் பால்மா ரின் அன்பாக வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது.

3. பால்சுறா

அதன்பிறகு வதனியின் பிள்ளைக்குப் போத்தலில் பால்மாவை மாமியாரே கொடுத்தார். வதனி குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு களவாகத் தன் பாலையும் கொடுத்தாள். டொக்டரிடம் ஓடினேன். மருந்து எடுக்கிறபடியால் தாய்ப்பாலை நிற்பாட்டத் தேவையில்லை, பால்மாவை நிற்பாட்டப் பாருங்கள் என்றார். சொல்வது சுகம்.

மாமியாரிடம் போய், பால் திரும்ப ஊறும், பிள்ளையை நெஞ்சில் போட்டுப் பார்க்கட்டும் என்றேன். அவருக்கு நல்ல சந்தோசம்.

"ஓம் மிஸ், அதுக்குத்தான் பால்சுறா மீன் வறுத்துக் குடுக்கிறன். ஊறினால் சுகந்தியின்ரை பிள்ளைக்கும் ஒருவாய் குடுக்கலாம்."

பால் ஊறிவிட்டது என்று சொன்னால், மற்றப் பிள்ளை திரும்பவும் மடிக்கு வந்துவிடும்.

ரமேசை வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் மறித்தேன். "தம்பி, அம்மாட்டை நீர் ஒரு சொல்லுச் சொன்னால் காணும்."

"அம்மா தாங்கமாட்டா மிஸ்."

"வதனி தாங்குவாளோ?"

அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான். அவன்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

ஒருநாள் பால் கசிந்து வதனியின் சட்டை நனைந்ததை மாமியார் கண்டுவிட்டார். சத்தம் போடவில்லை. "பாலை வைச்சுக்கொண்டே பொய் சொன்னனி, என்ன?" என்று மட்டும் கேட்டாராம். அதோடு அந்த வீட்டில் அவளோடு ஒருவரும் கதைக்கவில்லை. வதனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வன்னியில் இருந்த ஒரு தூரத்துச் சொந்தத்திடம் போக வெளிக்கிட்டாள். பஸ் ஏற்றிவிட நான் போனேன். மருந்துக்கு எந்தக் கிளினிக்குக்குப் போவது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் கேட்டமாதிரித் தெரியவில்லை.

"மிஸ், நீங்கள் சொன்னமாதிரித்தான் எல்லாம் செய்தனான்," என்றாள்.

பஸ் போய்விட்டது. அவளுடைய போன் வேலை செய்யவில்லை. அங்கத்தைய கிளினிக்கில் கேட்டேன், இன்னும் வரவில்லை என்றார்கள். திரும்பவும் கேட்டேன். பிறகு கேட்கவே பயமாக இருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். மருந்தை எப்படி ஒளிப்பது, கோரோசனையை எப்படி மறுப்பது என்றெல்லாம் தாய்க்குச் சொல்லிக்கொடுப்பீர்கள். அந்த வீட்டில் வேறு யார் பிள்ளைத்தாச்சி என்றும் கேளுங்கள். மற்றப் பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் வைத்தால் என்ன சொல்வது என்று முன்கூட்டியே அவளோடு இருந்து யோசியுங்கள். நல்ல பதில் என்னிடம் இல்லை. தேடித்தேடிப் பார்த்துவிட்டேன்.

நான் பென்சன் போகுமுன் நடந்த கடைசி நிறுவைக் கிளினிக்குக்கு மாமியார் வந்திருந்தார். சுகந்தி சுகமாகிவிட்டாள். அவளுடைய மகனைத் தராசில் வைத்தேன், நல்ல நிறை. மாமியார் அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்சநேரம் போகாமல் நின்றார்.

"வதனியின்ரை பிள்ளை இப்ப எவ்வளவு நிறை மிஸ்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தெரியாதம்மா," என்றேன். அந்த மனுசியிடம் ஒளிக்காமல் சொல்ல எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.