புதுப் பிராசசருக்கு வைத்த கட்டை

சங்ககிரிப் புறவழிச்சாலையில் எனக்கும் என் மனைவியின் தம்பிக்கும் கூட்டாக ஒரு வீல் அலைன்மென்ட் பட்டறை இருக்கிறது. அவருக்கும் எனக்கும் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. இனி நான் எழுதப்போவது ஒரு கணினியைப் பற்றியதேயாயினும், அந்தப் பகை இல்லாதிருந்தால் அதில் பாதி வேலையை நான் செய்திருக்கவே மாட்டேன்.

லாரியின் முன்சக்கரங்கள் நூலிழை விலகியிருந்தாலும் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்துபோகும். சக்கரங்களில் நான்கு சென்சார்களை மாட்டினால் அவை அந்த விலகலை அளந்து கணினிக்கு அனுப்பும். கணினி அளவுகளைத் திரையில் காட்டித் தாளிலும் அச்சிட்டுத் தரும். எங்கள் கருவி பழையது. அதன் கணினியில் இருந்த இயங்குதளம், உருவாக்கியவர்களே கைவிட்டுப் பல ஆண்டுகள் கடந்த ஒன்று. அதன்மேல் ஓடிய அளவு புரோகிராம் அதனினும் மூத்தது. ஆனால் அளவு ஒருநாளும் பிசகியதில்லை.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் பட்டறையைக் கழுவும்போது, என் மைத்துனர் கணினிப் பெட்டியைத் திறந்து, டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் குழாயை அதனுள் நீட்டினார். தூசி என்றால் கம்ப்ரசர். லாரித் தொழிலில் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றே. மழைக்காலத்தில் கம்ப்ரசர் தொட்டியின் அடியில் நீர் சேரும். காற்றோடு அந்த நீரும் பீறிட்டு மதர்போர்டை நனைத்தது. மறுநாள் சந்தனமும் குங்குமமும் இட்டுச் சூடம் காட்டிப் பொத்தானை அழுத்தினோம். உள்ளிருந்த விசிறிகூடச் சுழலவில்லை. தொட்டி நீரைக் காலைதோறும் வடித்துவிடுவது என் பொறுப்பு. அந்த வாரம் நான் வடிக்கவில்லை. இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். அவரிடம் இன்றுவரை சொன்னதில்லை.

கருவி விற்ற நிறுவனத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். பெட்டியைத் திறந்தும் பாராமல் தீர்ப்புச் சொன்னார். பழைய மதர்போர்டு இனிக் கிடைக்காது. புதிய பிராசசர் உள்ள கணினியில் பழைய இயங்குதளம் ஏறாது. புதிய இயங்குதளத்தில் எங்கள் புரோகிராம் ஓடாது. ஆகவே கருவி முழுவதையும் மாற்றியாக வேண்டும். பேசிய நேரம் முழுவதும் அவர் என்னைப் பார்க்கவில்லை. என் மைத்துனரையே பார்த்தார். புதிய கருவியின் படங்கள் அடங்கிய புத்தகம் மைத்துனர் கையில் ஏற்கெனவே இருந்தது. அக்கருவியை ஓட்ட நிறுவனமே ஆள் பழக்கித் தருமாம். இதன் பொருள் எனக்கு விளங்கிற்று: திரைக்கு முன்னால் இருக்கும் நாற்காலி இனி என்னுடையதன்று.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். பத்தொன்பது ஆண்டுகள் லாரி ஓட்டி, முழங்கால்கள் இரண்டும் தேய்ந்தபின், அகராதியைத் துணைகொண்டு கணினியைக் கற்றவன். அந்த நாற்காலியை விட்டால் எனக்கு வேறு தொழில் இல்லை.

பொறியாளர் போனதும் மைத்துனர் கெடு வைத்தார். “மார்கழி பொறந்தாப் புதுசா எதும் வைக்க முடியாதுங்க மாமா. கார்த்திகைக்குள்ள ஓட்டிக் காமிச்சுட்டீங்கன்னா நான் வாயத் தொறக்கல. இல்லீன்னா நீங்க ஊட்டுல அக்காகூட உக்காந்து டிவி பாருங்க.”

சேலத்துக்குப் போய் ஒரு புதிய கணினி வாங்கினேன். அதில் பழைய இயங்குதளத்தை ஏற்றப்போகிறேன் என்றபோது, கடைக்காரர் என் நரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். சிரித்திருந்தால் பொறுத்திருப்பேன். அடக்கியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஏற்றத் தொடங்கியதும் முதல் திரையிலேயே எல்லாம் நின்றது. மொழியைத் தேர்ந்தெடு என்று கேட்டது. கீபோர்டும் மவுசும் உயிரற்றுக் கிடந்தன. அவற்றைச் செருகும் புதிய துளைகள் இன்னவை என்று பழைய இயங்குதளத்துக்குத் தெரியவில்லை என்பதைக் கண்டுபிடிக்க இரண்டு நாட்கள் சென்றன. புதிய கணினியின் பின்புறத்தில், யாருக்காக வைத்தார்களோ, பழைய வட்டத் துளை ஒன்று இருந்தது. பள்ளிபாளையத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில், ஊதாநிற வட்ட முனையுள்ள கீபோர்டு ஒன்றை எடுத்து வந்தேன். அதில் நான்கு எழுத்துகள் வேலை செய்யவில்லை. எஞ்சியவை போதுமாயிருந்தன. பிறகு, இயங்குதளத்தைப் பதித்து வைக்க உள்ளே வட்டு ஒன்றும் இல்லை என்றது. வட்டை அடையாளம் காட்டும் டிரைவர் என்னும் சிறு புரோகிராமை இணையத்தில் தேடி இறக்கி, ஏற்றும் கோப்புகளுக்குள் நுழைத்தேன். ஒன்பதாம் நாள் இயங்குதளம் எழுந்தது. எழுந்ததும் அது சொன்ன முதல் செய்தி, இந்தப் பிராசசர் இந்தப் பதிப்புக்கு உரியதன்று என்பதாகும். வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வரத் தகுதியில்லை என்று எனக்கே சொல்வதுபோல் இருந்தது. அச்செய்தியை அனுப்பும் பகுதியை முழுவதுமாக நிறுத்திவிட்டேன். என்னிடம் அதற்குமேல் அது பேசவில்லை.

அளவு புரோகிராமும் திறந்தது. ஆனால் சென்சார் எதுவும் இல்லை என்று சொல்லியது. கம்பிகளை மாற்றினேன், துளைகளை மாற்றினேன், புரோகிராமை அழித்து மறுபடி ஏற்றினேன். நான்கு சென்சார்களும் சக்கரங்களில் மாட்டியபடி என் கண்ணெதிரே இருக்க, இல்லை இல்லை என்று பன்னிரண்டு நாட்கள் அது சாதித்தது. அந்நாட்களில் மைத்துனர் டீக் கிளாசோடு வந்து பின்னால் நிற்பார். ஒருநாள் அவர், காத்திருந்த டிரைவர்களிடம், மாமா கணினிக்குக் கண்ணாடி வாங்கிப் போட்டால் சென்சார் தெரியும் என்றார். அவர்கள் சிரித்தார்கள். நான் திரும்பவில்லை.

திரும்பாமல் சென்சாரையே வெறித்துக்கொண்டிருந்ததால் ஒன்றைக் கண்டேன். சென்சார் பதில் சொல்லும்போது அதன் பச்சை விளக்கு ஒருமுறை மினுக்கும். திரையில் ‘இல்லை’ என்ற சொல் முதலில் வந்தது. விளக்கு அதன் பிறகு மினுக்கியது. பத்து முறை செய்து பார்த்தேன். பத்து முறையும் அதே வரிசை. சென்சார் பதில் சொல்லத்தான் செய்தது. கேட்டவருக்குத்தான் காத்திருக்கப் பொறுமையில்லை. பழைய புரோகிராம், ஒன்று இரண்டு என்று குறித்த எண் வரை எண்ணிவிட்டுப் பதில் வராவிட்டால் கைவிடும் வகை. பழைய பிராசசர் எண்ணி முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். புதியது கண்ணிமைக்குமுன் எண்ணி முடித்துவிடுகிறது.

நான் ஓட்டுநராக இருந்தபோது, டீசல் மிச்சமாக வேண்டுமென்று என் முதலாளி ஆக்சிலேட்டர் மிதிக்கு அடியில் ஒரு மரக்கட்டையைக் கட்டிவைத்திருந்தார். மிதி பாதிக்குமேல் இறங்காது. தொப்பூர் மேட்டில் என்னை முந்திப்போன வண்டிகளின் கிளீனர்கள் தலையை வெளியே நீட்டிச் சிரித்துவிட்டுப் போவார்கள். ஆறு ஆண்டுகள் அந்தக் கட்டையை வெறுத்தேன். அந்த முதலாளியை இன்றும் வெறுக்கிறேன். ஆயினும் அவர் செய்ததைத்தான் அன்று நானும் செய்தேன். கணினி விழிக்கும் தறுவாயில் ஒரு விசையை அழுத்தினால் வரும் அமைப்புப் பட்டியலைத் திறந்து, பிராசசருக்குள் கோர் என்று எட்டுக் கூறுகள் உண்டு; அவற்றில் ஏழினை அணைத்து வைத்தேன். எஞ்சிய ஒன்றின் வேகத்தை, அது அனுமதித்த கடைசி எண் வரைக்கும் இறக்கினேன். பழைய புரோகிராமுக்கு இரக்கப்பட்டுச் செய்யவில்லை. அந்தப் பொறியாளரின் முகத்தை நினைத்துக்கொண்டே ஒவ்வொன்றாக அணைத்தேன்.

விளக்கு மினுக்கியது. பிறகு திரையில் நான்கு சக்கரங்களும் தோன்றின.

கார்த்திகையின் கடைசி வெள்ளிக்கிழமை மைத்துனர் ஒரு லாரியோடு வந்தார். முந்தின நாள் நாமக்கல்லில், புதிய கருவி உள்ள ஒரு பட்டறையில் அதை அளந்து, அச்சிட்ட தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்தார். அது எனக்குத் தெரியாது. நான் அளந்து என் தாளை நீட்டியதும், தம்முடையதை எடுத்துப் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிட்டார்.

“ஏனுங்க மாமா, புதுசு ஒண்ண வாங்கி அதையும் பழசாட்டம் நடக்க வெச்சிருக்கீங்களா?”

“அளவு சரியா இருக்குதா? அதச் சொல்லு மாப்ள.”

அவர் மறுபடி முதல் வரியிலிருந்து பார்த்தார். லாரியின் டிரைவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

“இருக்குதுங்க,” என்றார் மைத்துனர். தாள்களை மடித்தார். பிறகு தணிந்த குரலில், “எப்புடிப் பண்ணுனீங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சுருங்க. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா நான் யாரப் போயிக் கேக்கறதுங்க?”

“எனக்கு ஒண்ணும் ஆகாது.”

“நெசமாத்தான் கேக்கறனுங்க.”

“நானும் நெசமாத்தான் சொல்றேன். எழுத மாட்டேன்.”

அவர் கேட்டது நியாயம். அது எனக்கு அப்போதே தெரியும். எழுதிக் கொடுத்தால், அடுத்த மாதமே யாரோ ஒரு சம்பளக்காரர் அந்த நாற்காலியில் இருப்பார் என்பதும் தெரியும். அன்று அவர் போன பிறகு, கணினி விழிக்கும்போதே கேட்கும்படி ஒரு கடவுச்சொல்லை வைத்தேன். பழைய புரோகிராமோ பிராசசரோ கேட்டு நான் அதை வைக்கவில்லை.

அதன்பின் நான் எங்கும் போவதில்லை. தை மாதம் திருச்செங்கோட்டில் மனைவி வழியில் ஒரு காதுகுத்து. அவள் மட்டும் தனியாகப் போய்வந்தாள். மாசியில் மூன்று நாட்கள் காய்ச்சலில் படுத்தேன். பட்டறைக்கு வந்த லாரிகளை மைத்துனரே எதிர்ப்பட்டறைக்குக் கைகாட்டி அனுப்பினாராம். எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று மனைவி கேட்டாள். உன் தம்பி, நீ அப்படித்தான் கேட்பாய் என்று சொன்னேன். அவள் கஞ்சியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான்காம் நாள் காய்ச்சல் விடாமலே பட்டறைக்குப் போனேன். இரண்டு லாரிகள் காத்திருந்தன. மைத்துனர் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுப் பின்னாலேயே நின்றார். பொத்தானை அழுத்தினேன். கடவுச்சொல்லைக் கேட்டது. அவர் கண் என் விரல்களில் இருப்பதை உணர்ந்து, உடம்பை ஒருக்களித்துக் கீபோர்டை மறைத்துக்கொண்டு அடித்தேன்.