பெடலில் இருந்து காலை எடுக்காதிருத்தல்

அத்தானின் வாடகைக் காரில் பிரேக் பெடலை மிதித்தால், புதைமணலில் கால் வைத்த மாதிரி மெதுவாக இறங்கியது. அவருக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

"ரெண்டு மிதி சேத்து மிதிச்சா நிக்கும், மாப்ள. இம்புட்டு நாளா நிக்கலையா?"

தென்காசிச் சந்தைக்கும் குற்றாலத்துக்கும் ஓட்டிய வரை நின்றது உண்மைதான். ஆனால் மறுநாள் காலை மதுரைக் குடும்பம் ஒன்றை, குழந்தைகளோடு, மலைமேல் இருக்கும் ஆரியங்காவுக்கு ஏற்றிப்போக ஒப்புக்கொண்டிருந்தார். போகிறபோது ஏற்றம், பயமில்லை. திரும்பும்போது அடிவாரத்துப் புளியரை வரைக்கும் வளைவு வளைவாக இறக்கம். மேலிருந்து மரம் ஏற்றிய லாரிகள் வேறு வரும். அங்கே இரண்டாவது மிதிக்கு யார் இடம் கொடுப்பார்கள்? ஓட்டப்போகிறவர் என் அக்காவின் கணவர்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வண்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை வாசிக்கத் தெரிந்தவனும் நான்தான். அந்தத் தகுதியில் அத்தானை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, பெடலை மிதித்தபடியே இருக்கச் சொன்னேன். இறங்கிக்கொண்டே போனது. நாலு சக்கரத்தையும் பார்த்தேன். எங்கும் ஈரமில்லை, குழாயிலும் ஒழுக்கில்லை. ஆயில் வெளியே போகவில்லையென்றால் உள்ளேயே வழுக்கிப் பின்னால் போகிறது. மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டது என்று பொருள். கழற்றிப் பார்த்தேன். வாஷரின் விளிம்பு பழைய செருப்பு வார் மாதிரி பிய்ந்திருந்தது. தென்காசியில் புது வாஷர் கிடைத்தது. பிரேக் ஆயில்தான் கிடைக்கவில்லை. வீட்டில் முக்கால் டப்பா இருந்தது. அதற்குள் வேலையை முடிக்க வேண்டும்.

வாஷரை மாற்றுவது பெரிய காரியமில்லை. குழாயில் புகுந்த காற்றை எடுப்பதில்தான் என் உயிர் போனது. ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்தருகே படுத்து, காற்றை வெளியேற்றும் சிறு திருகான நிப்பிளைத் திறந்து, ஆயிலும் காற்றும் வெளியேறியதும் மூட வேண்டும். மூடும் வரைக்கும் மேலே இருப்பவர் காலை எடுக்கவே கூடாது. எடுத்தால் வெளிக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும். இதை அத்தானுக்கு விளக்கிச் சொன்னேன். தலையாட்டினார்.

எங்கள் வீடு மேலகரத்தில், தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையை ஒட்டி. அது ஆடி மாதம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஊரே தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாக எங்கள் வாசலைக் கடந்துதான் அருவிக்குப் போகும். பாதிப் பேர் அத்தானுக்கு மூத்தவர்கள்.

நான் வண்டிக்கடியில் படுத்து, நிப்பிளில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலில் விட்டுத் திறந்தேன். ஆயில் நுரைத்து வந்தது. சட்டென்று பாட்டிலில் இருந்த ஆயில் குழாய்க்குள் ஏறியது. அதன் பின்னால் காற்றும் ஏறியது.

"அத்தான், காலை எடுத்தீங்களா?"

"கடைக்கார அண்ணாச்சி வந்தாரு. காலை நீட்டிக்கிட்டா இருக்க முடியும்?"

அண்ணாச்சி குனிந்து என்னைப் பார்த்தார். "என்னலே, பிரேக்கா? கொஞ்சம் வெளக்கெண்ணெ ஊத்திப் பாரு." அதைச் சொல்லிவிட்டு நடந்தார்.

மறுபடி ஆரம்பித்தோம். அடுத்து ஒரு மாமா வந்தார். அத்தான் வண்டியைவிட்டு இறங்கியே நின்றார். அதற்கடுத்து கோயில் கமிட்டிக்காரர். டப்பாவில் ஆயில் பாதிக்கும் கீழே போய்விட்டது.

"அத்தான், இன்னொரு தடவ காத்து ஏறுச்சுன்னா ஊத்த ஆயில் கெடையாது."

"காத்துதானே, மாப்ள. போன வழியா வந்துரும்."

எனக்கு அழுகைதான் வந்தது. கடைசியில், "நீங்க கீழ படுங்க, நான் மிதிக்கேன்" என்றேன். அவருக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. படுத்தால் யாரும் பார்க்கமாட்டார்கள் அல்லவா.

வேலை ஒழுங்காக நடந்தது. மூன்று சக்கரம் முடிந்தது. கடைசிச் சக்கரத்தில் பெடலைத் தரைவரை அழுத்திப் பிடித்திருக்கும்போது, அருவியில் குளித்த ஈரத்துண்டோடு அத்தானின் பெரியப்பா வந்து கார் கதவருகே நின்றார். அக்கா கல்யாணத்தைப் பேசி முடித்தவர் அவர்தான்.

"வாங்க பெரியப்பா" என்று உட்கார்ந்தபடியே கைகூப்பினேன். கால் பெடலில்.

அவர் நான் எழுந்திருப்பேன் என்று காத்திருந்தார். அதற்குள் கீழேயிருந்து, "யாரு, பெரியப்பாவா?" என்ற குரலும், அத்தான் உருண்டு வெளியே வரும் சத்தமும் கேட்டன. நிப்பிள் திறந்திருந்தது.

"மொதல்ல அத மூடுங்க" என்று கத்திவிட்டேன்.

மூடிவிட்டுத்தான் வந்தார். முதுகெல்லாம் சேறு.

பெரியப்பா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்லாருக்குலே. மாப்பிள்ளைய மண்ணுல படுக்கப் போட்டுட்டு மச்சினன் சீட்டுல உக்காந்து அதட்டுதான். படிக்க வச்சதுக்கு இதான் பலன்." அப்படியே வீட்டுக்குள் போய் அக்காவிடமும் சொன்னார்.

பெடல் கல் மாதிரி நின்றது. அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். ஒரு நூல்கூட இறங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல உள்ளே போனால், அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"காலை எடுத்தா காத்து ஏறிரும்க்கா."

"காத்து கெடக்கு. பெரியவரு வந்தா எந்திரிக்கத் தெரியாதா ஒனக்கு?"

"நாளைக்கு அத்தான் மலை எறங்கணும்லா?"

"அவரு எத்தனையோ தடவ எறங்கியாச்சு. ஒனக்கு ஏன் அவர மண்ணுல படுக்கப் போடணும்?"

மறுநாள் மாலைவரை நான் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வண்டி வந்து வாசலில் நின்றது. புளியரைக்கு மேலே ஒரு வளைவில் லாரி குறுக்கே நின்றதாம். "மிதிச்சேன், நின்னுது" என்று அத்தான் சாதாரணமாகச் சொன்னார். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அவருக்குக் காப்பி ஆற்றினாள். பிறகு என்னைப் பார்த்து, "பெரியப்பா வீட்டுக்குப் போயி ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுட்டு வா" என்றாள்.

போனேன். காற்றைப் பற்றியும் வாஷரைப் பற்றியும் பொறுமையாகச் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, "எல்லாஞ் சரி. எந்திரிச்சிட்டு மிதிச்சிருக்கலாம்லா?" என்றார்.

நான் நின்றுகொண்டேயிருந்தேன். அவர் உட்காரச் சொல்லவில்லை.