தேடுபொறியில் இல்லாத கொம்பனி

எழுத்து என்னுடைய வேலை அல்ல. பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் படித்தவள். அதிலும் கணக்கில் ஒரு தடவை தவறி, இரண்டாம் தடவைதான் சித்தியடைந்தேன். இணையத்தில் தேடுவது எப்படி நடக்கிறது என்று எழுத என்னைவிடத் தகுதியான பிள்ளைகள் இப்போது எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு வாய் வராது. தாளில் எழுதுவது கொஞ்சம் பரவாயில்லை. அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் கல்முனை பிரதான வீதியில் ஒரு கொமினிகேசன் கடையில் வேலை செய்தேன். வெளிநாட்டுக்கு ரெலிபோன் கோல் எடுக்க வருவார்கள், பெக்ஸ் அனுப்ப வருவார்கள், விண்ணப்பம் டைப் பண்ண வருவார்கள். கடைக்கு ஒரு கணினியும் வந்த பிறகு ஈமெயில் பார்க்கச் சிலர் வந்தார்கள். இணைப்புக் கிடைப்பதற்குள் ரெலிபோன் வயரில் மாட்டிய பெட்டி கத்துகிற கத்தலில், கோல் பேசிக்கொண்டிருப்பவர்கள் ஒரு காதைப் பொத்திக்கொள்வார்கள்.

இணைப்பு நெடுநேரம் இருந்தால் முதலாளிக்குப் பிடிக்காது. பக்கம் திரைக்கு வந்ததும் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். துண்டித்தாலும் பக்கம் திரையில் அப்படியே நிற்கும். ஆட்கள் இல்லாத மத்தியான லுஹர் தொழுகை நேரத்தில் நான் அப்படி நின்ற பக்கங்களை ஆங்கில அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக வாசிப்பேன். தேடித் தருகிற ஒரு தளத்தில் ‘உதவி’ என்று ஒரு பக்கம் இருந்தது. அதை வாசித்து முடிக்க எனக்கு நான்கு நாள் பிடித்தது.

அதுவரை நான் நினைத்திருந்தது வேறு. ஒரு சொல்லை அடித்து பொத்தானை அமத்தினால், கணினி அந்த நிமிடமே புறப்பட்டு உலகமெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சுற்றுகிற வேலை நாம் கேட்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்குச் சொல்லப் போகிற பெண்களைப் பார்த்தவர்களுக்கு இது இலகுவாக விளங்கும். இரண்டு பேர் புறப்படுவார்கள். ஒரு வீட்டில் சொல்லிவிட்டு, “இனி இந்தப் பக்கம் ஆருக்குச் சொல்லணும்?” என்று கேட்பார்கள். அந்த வீட்டுக்காரி மூன்று வீட்டைக் காட்டுவாள். அந்த மூன்று வீட்டிலும் இன்னும் சில வீடுகளைக் காட்டுவார்கள். இணையத்திலும் ஒரு பக்கத்தில் வேறு பக்கங்களுக்குப் போகிற வழி இருக்கும். அந்த வழிகளைப் பிடித்துக்கொண்டு ஒரு புரோகிராம் பக்கம் பக்கமாகப் போகிறது. ஒழுங்கைக் கடைசியில் போன மாதம் கட்டிய வீட்டை ஒருவரும் காட்டாவிட்டால், அந்த வீட்டுக்குச் சொல்லுப் போகாது. கேற் பூட்டியிருந்த வீட்டுக்கும் போகாது.

போன இடத்திலெல்லாம் கண்ட சொற்களை அது ஒரு கொப்பியில் எழுதிக்கொள்கிறது. கொப்பி என்பது என் சொல். பாடப் புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அட்டவணை போட்டிருப்பார்களே, அது மாதிரி ஒன்று. நாம் ஒரு சொல்லைக் கேட்டால் அந்தக் கொப்பியைத்தான் புரட்டுகிறது. அதனால்தான் பதில் அவ்வளவு கெதியாக வருகிறது.

எதை முதலில் காட்டுவது என்பது அடுத்த கேள்வி. கேட்ட சொல் ஒரு பக்கத்தின் தலைப்பில் இருக்கிறதா, எத்தனை தரம் வருகிறது என்றெல்லாம் பார்க்கிறது. வேறு எத்தனை பக்கங்கள் அந்தப் பக்கத்தைக் காட்டுகின்றன என்று எண்ணிப் பார்க்கிற தளங்களும் அப்போது வரத் தொடங்கியிருந்தன. பத்துப் பேர் கைகாட்டுகிற டொக்டரிடம்தானே ஊரும் போகிறது.

இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் ஒருவருக்கும் சொன்னதில்லை. கேட்டவர்களும் இல்லை.

எங்கள் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவார். ராத்தா என் அக்கா. அவருடைய மாப்பிள்ளையும், அதாவது என் மச்சானும், எங்கள் வீட்டில்தான் இருந்தார். சம்மாந்துறையில் ஓர் அரிசி மில்லில் மெசின் ஓட்டினார். பன்னிரண்டு வருட வேலை. அவர்களுக்கு மூன்று பெண் பிள்ளைகள். மூன்று பெண் என்றால் மூன்று வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். மில்லில் இருந்துகொண்டு ஒரு வீட்டுக்கு அத்திவாரம் போடுவதே பெரிய காரியம். அதனால் அவர் வளைகுடா நாட்டுக்குப் போக எழுதிப் போட்டிருந்தார்.

ஒரு கொம்பனியில் இருந்து வேலைக் கடிதம் வந்தது, மெசின் பார்க்கிற வேலைக்கு. பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை கொழும்பு ஏஜென்சிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். போவதென்றால் புதன்கிழமை மில் முதலாளிக்குச் சொல்லிவிட வேண்டும். அந்த இடத்துக்கு ஆள் காத்திருந்தார். விட்ட இடம் திரும்பக் கிடைக்காது.

ராத்தாவுக்கு அவர் போவதில் விருப்பமில்லை. அடுத்த வளவில் ஒருவர் இப்படித்தான் ஒரு கடிதத்தை நம்பிப் போய், கொழும்பில் இரண்டு மாதம் லொட்ஜில் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தார். அவர் நம்பிப் போன கொம்பனி உலகத்திலேயே இல்லை.

புதன்கிழமை காலை ராத்தா அந்தக் கடிதத்தை என்னிடம் தந்தார்.

“மச்சான் தரச் சொன்னாரு. ஒங்கட பெட்டியில இந்தக் கொம்பனி இரிக்கா எண்டு பாக்கட்டாம். இல்லாட்டி அவரு போகமாட்டாராம்.”

அவர் நேரே தரவில்லை. நான் அவரோடு நேரே கதைப்பதில்லை. எங்கள் வீட்டில் அது ஒரு பழக்கம். அவருக்கு நான் சொல்ல வேண்டியதை ராத்தாவிடம் சொல்வேன், அவரும் அப்படித்தான். நடுவில் ஒரு சீலைத் திரைதான் தொங்கும். இந்தப் பக்கம் சொல்வது அந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும். ஆனாலும் ராத்தா சொன்ன பிறகுதான் கேட்டதாகக் கணக்கு.

கடையில் அந்தக் கொம்பனியின் பெயரை அடித்துத் தேடினேன். பெயரில் பாலைவனம் என்றொரு சொல்லும் நட்சத்திரம் என்றொரு சொல்லும் இருந்தன. பாலைவனத்தில் ஒட்டகத்தில் ஏறிய வெள்ளைக்காரர் ஒருவரின் பக்கம் முதலில் வந்தது. பிறகு வான சாஸ்திரம். சினிமா நட்சத்திரங்களும் வந்தார்கள். சொற்களைத் தனித்தனியாக எடுத்துக்கொண்டு, எது இருந்தாலும் கொண்டுவந்து கொட்டுகிறது. ‘உதவி’யில் வாசித்தது நினைவுக்கு வந்தது. பெயர் முழுவதையும் மேற்கோள் குறிக்குள் போட்டேன். அப்படிப் போட்டால், அந்தச் சொற்கள் அதே ஒழுங்கில் சேர்ந்து வருகிற பக்கத்தை மட்டும்தான் காட்டும். ஒன்றும் இல்லை என்று வந்தது.

இணைப்பைத் துண்டிக்க முன்னர் ஒன்று தோன்றியது. மச்சான் வேலை செய்கிற மில்லின் பெயரையும் அதே மாதிரி அடித்துப் பார்த்தேன். அதுவும் இல்லை என்றது. பன்னிரண்டு வருடமாக அவர் போய் வருகிற மில். அந்த வீதியால் போனால் உமித் தூசி கண்ணில் விழும்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்கு வந்தேன். மச்சானும் அன்று வேளையோடு வந்து விறாந்தையில் இருந்தார். மில் முதலாளியிடம் அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ராத்தா குசினி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன புள்ள, என்ன சொல்லுது பெட்டி?”

“அந்தப் பேர்ல ஒண்டும் வரல்ல ராத்தா. ஆனா அதுக்காக...”

ராத்தா முழுவதும் கேட்கவில்லை. கத்தியோடு திரைப் பக்கம் திரும்பினார்.

“இஞ்ச, கேட்டீங்களா? அப்பிடி ஒரு கொம்பனியே இல்லயாம். உலகம் முழுக்கத் தேடியாச்சாம்.”

திரைக்கு அப்பால் இருந்து மச்சான் கேட்டார்.

“உலகம் முழுக்கவா? ஒரு பகலுக்குள்ளயா?”

“பின்ன? கொம்பியூட்டரெண்டா ஒங்கட மில் மெசின் எண்டு நெனைச்சீங்களா, நாலு மூட்டைக்கு ஒருக்கா நிக்கிறதுக்கு?”

“மெசினக் குறை சொல்லாதீங்க. அதுதான் சோறு போடுது. தங்கச்சிக்கிட்ட ஒண்டு கேளுங்க. கொம்பனி இல்லயா, இல்லாட்டிக் கொம்பியூட்டருக்குத் தெரியாதா?”

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ‘உதவி’ப் பக்கத்தை நான்கு நாள் வாசித்து நான் அறிந்ததை, வாசிக்காமலே அவர் கேட்டுவிட்டார். ராத்தா என் பக்கம் திரும்பினார்.

“ஒழுங்காத் தேடினியா எண்டு கேக்கிறாரு.”

இரண்டு கேள்வியும் எனக்குக் கேட்டது. நான் ராத்தாவுக்குத்தான் பதில் சொன்னேன்.

“ஓம். ஒழுங்காத்தான் தேடினன்.”

“ஒழுங்காத் தேடினதாம்,” என்றார் ராத்தா திரைக்கு.

“அப்ப சரி,” என்றார் மச்சான். “நான் போகல்ல. நாளைக்கு மில்லுக்குத்தான்.”

ராத்தா மீனை அலசி எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நடையில் ஒரு வேகம் இருந்தது. நான் அறைக்குள் போய் இருந்தேன். நான் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் ஒரு பொய்யை நம்பி முடிவெடுத்துவிட்டார். வாயால் சொல்ல எனக்கு வராது என்பதும் தெரிந்தது. கடையில் வீணாய்ப்போன பெக்ஸ் தாள் ஒன்று கைப்பையில் இருந்தது. அதன் பின்பக்கத்தில் எழுதினேன்.

‘மச்சான், கொம்பனி இல்லை என்று கணினி சொல்லவில்லை. தன்னுடைய கொப்பியில் அந்தப் பெயர் இல்லை என்றுதான் சொன்னது. அது போகாத இடங்கள் எத்தனையோ இருக்கின்றன. உங்கள் மில்லின் பெயரையும் போட்டுப் பார்த்தேன். அதுவும் இல்லை.’

தேத்தண்ணி கொண்டுபோன மூத்த பிள்ளையின் கையில் அதையும் கொடுத்துவிட்டேன். அவர் இரண்டு தரம் வாசித்திருக்க வேண்டும். தேத்தண்ணி குடிக்கிற சத்தம் கேட்க நெடுநேரம் எடுத்தது. பிறகு திரைக்கு அப்பால் இருந்து, ராத்தாவைக் கூப்பிடாமல், நேரே கேட்டார்.

“அப்ப தங்கச்சி, இரிக்கா இல்லயா எண்டு எப்பிடி அறியிற?”

“கடிதத்தில ரெலிபோன் நம்பர் இரிக்கி மச்சான். கோல் எடுத்துப் பாக்கலாம்.”

அவர் சிரித்தார். அந்த நம்பர் ஒரு வாரமாகக் கடிதத்தின் மேல் மூலையிலேயே இருந்தது. கணினி வந்திருக்கிறது என்றதும் எங்கள் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை.

கடைக்குப் போனோம். அவர் முன்னால் சைக்கிளில். பின்னால் நானும் மூத்த பிள்ளையும் நடந்து. வளைகுடாவில் நேரம் எங்களுக்குப் பிந்தியது, அங்கே இன்னும் வேலை நேரம்தான். மூன்றாம் தடவை யாரோ எடுத்தார்கள். கேரளத்து ஆள். அவருடைய மலையாளமும் மச்சானின் தமிழும் எப்படியோ ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. மச்சான் தன் பெயரையும் பாஸ்போர்ட் நம்பரையும் சொன்னார். அந்த ஆள் ஒரு பட்டியலைப் பார்த்துவிட்டு, பெயர் இருக்கிறது என்றார். அது என்ன கொம்பனி என்று மச்சான் கேட்டதற்கு, பின்னால் ஓடுகிற ஜெனரேட்டர் கேட்கவில்லையா என்று கேட்டாராம். கேட்டது என்றார் மச்சான். சத்தத்தை வைத்தே அது எந்த மாதிரி ஜெனரேட்டர் என்றும் சொன்னார்.

அங்கிருந்தே சம்மாந்துறைக்கு ஒரு கோல் எடுத்து மில் முதலாளியிடம் தான் போகிற விசயத்தைச் சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பியதும் ராத்தாவிடம் அவரே சொன்னார். ராத்தா அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“இவ்வளவு நாளும் வாய் தொறக்காதவள். இண்டைக்குத்தானா ஒனக்குக் கதை வந்திச்சி?”

நான் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் அதிகாலை பஸ்ஸில் மச்சான் கொழும்புக்குப் போனார். மில்லில் அவருடைய மெசினை நற்பிட்டிமுனையில் இருந்து வந்த ஒருவர் ஓட்டினார்.