கேட்காமல் சுரந்த பால்

குட்டிமா, இன்று அரிமளம் மெடிக்கல் கடையில் நடந்ததை உனக்கும் இங்கே படிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன்.

நீ என் மடியை விட்டு ஒரேயடியாகப் போன பிறகு, மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டித்தான் என் பாலை நிறுத்தினார்கள். வற்றிவிட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

தலைவலி மாத்திரைக்காக நின்றேன். பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு சின்னப் பெண் பால் பவுடர் டப்பா கேட்டாள்.

"என் கூலில பாதி இதுக்கே போகுதுக்கா. சுடுதண்ணிக்கு கேஸ் வேற. காலி டப்பாவெல்லாம் எங்க கண்மாய்க்கரைல குமிஞ்சு கெடக்கு" என்றாள் என்னிடம்.

"ஓசில கெடைக்கிறத விட்டுட்டு எனக்கு ஏம்மா யாவாரம் குடுக்குற?" என்றார் கடைக்காரர்.

"மில்லு வேலைக்குப் போனதும் எனக்குப் பாலு வத்திப்போச்சுண்ணே."

அப்போது அவள் பிள்ளை அழுதது. அப்படியே உன் குரல். என் ரவிக்கை நனைந்துவிட்டது.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். "குடுக்குறீங்களாக்கா?" என்று மெல்லக் கேட்டாள்.

கடைக்குப் பின்னால் உட்கார்ந்து கொடுத்தேன். விலையும் இல்லை, வீசி எறிய டப்பாவும் இல்லை. பிள்ளை நடுவில் குடிப்பதை நிறுத்தி, என் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தது.

"யாரப் பாத்துடி சிரிக்கிற?" என்றாள் அவள்.

திரும்பிப் பார்த்தேன். வெறும் சுவர்தான். ஆனால் என் முதுகில் யாரோ சாய்ந்திருப்பது போல ஒரு சூடு.

பிள்ளை பெற்றவர்களே, உங்கள் பிள்ளைகளும் இப்படி ஆளில்லாத இடத்தைப் பார்த்துச் சிரிக்குமா?

குட்டிமா, உன் பங்கை எடுத்து அதற்குக் கொடுத்தேனே, அதைச் சிரிக்க வைத்தது நீதானா?